வாசலில் நிறுத்திய பறை

தென்காசி
ஈஸ்டர் திங்கள்

அன்பு மகன் ஜெபசிங்குக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், மஸ்கட்டில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது, குற்றாலத்தில்தான் தண்ணீர் இல்லை. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன், முழுக்கப் படி.

நாலு வருஷத்துக்கு முன் ஈஸ்டர் பவனியில் பறையடித்துப் போன உன்னை, மேளத்தை வெளியே வைத்துவிட்டுக் கோயிலுக்குள் வா என்றார்களே, அன்றிலிருந்து நீ எந்தக் கோயில் படியும் மிதிக்கவில்லை, அதைச் சொல்லாமல் நான் ஜெபம் முடித்ததில்லை. நேற்றும் நம் தெருப் பையன்கள் அடித்துக்கொண்டு வந்தார்கள். அன்று உன்னை நிறுத்திய அதே பாடகர் குழுத் தலைவர் ஞானசிகாமணி சார் வாசலில் மறித்து, "சாவுக்கு அடிக்கிற கொட்டு, சந்நிதிக்குள்ள வரப்பிடாது" என்றார். "என்ன சார் சொல்லுதீய, ஆண்டவரு சாவாமலா உயிர்த்தாரு? அந்த ரெண்டையும் அறிஞ்ச கொட்டு இது ஒண்ணுதான்" என்று கேட்டுவிட்டேன். "ஏட்டி, வாய மூடு" என்று அப்பா முந்தானையை இழுத்தார். மேளம் வெளியே என்றால் நானும் வெளியே என்று படியில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு முத்துசெல்வி உட்கார்ந்தாள், பிறகு நம் தெருப் பெண்கள் அத்தனை பேரும். உள்ளே பாடகர் குழு பாட, அல்லேலூயா சொல்ல அங்கே பாதி ஆள்கூட இல்லை, நாங்கள் படியிலிருந்து பறையோடு சொன்னோம், கோயில் ஜன்னல் அதிர்ந்தது, என் நெஞ்சும் அதிர்ந்தது, ஆவியானவர் இறங்குவது இப்படித்தான் இருக்கும் போல.

போதகர் அங்கியோடு வெளியே வந்தார். "ஆண்டவர் உலகத்தக் கையால செய்யல, சத்தத்தால உண்டாக்கினாரு, அந்தச் சத்தத்துக்கு யாரும் தெரு பிரிக்க முடியாது" என்று சொல்லி, ஒரு பறையைத் தன் தோளில் மாட்டி அடித்துக்கொண்டே உள்ளே போனார். அவருக்குத் தாளமே வரவில்லை, சிரித்துச் சிரித்து எங்களுக்குக் கண்ணீர் வந்துவிட்டது, சிரிப்போடு எல்லோரும் உள்ளே போனோம்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று நினைக்காதே, கல்லறைத் தோட்டத்தில் இன்னும் நமக்கு மூலைதான், அதற்கும் ஒருநாள் உட்காருவேன். ஆராதனை முடிந்ததும் ஞானசிகாமணி சார் என்னிடம் வந்து, பாடகர் குழுவுக்குப் பறை சொல்லித்தர உன் மகன் லீவில் வருவானா என்று கேட்டார். என்னிடம் கேட்காதீர்கள், அவனிடமே மன்னிப்பு கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள் என்று உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். தெரியாத நம்பர் என்று வெட்டிவிடாதே.

ஆண்டவர் உன் கையையும் குரலையும் ஆசீர்வதிப்பாராக. வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள்.

உன் அம்மா,
எஸ்தர் கனி