படையலில் வைக்காத தேத்தண்ணி

மச்சான்,

இன்று பயிற்சி அறையின் கதவு திறந்ததும் முதலில் சாராய வாடைதான் உள்ளே வந்தது. அதன் பின்னால் உன் பெரியண்ணன். என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நீயா? டொக்டர் இரிக்காரு எண்டுதானே என்ர மகள் அனுப்பினவள்."

"டொக்டர் இல்ல. படிக்கிற ஆள்தான். இரிங்க."

ஆம், இந்த வயதில் நான் போதையிலிருந்து மீள்பவர்களுக்கு ஆலோசகராகப் படிக்கிறேன். ஊருக்கு நல்லது செய்யும் எண்ணத்தில் சேரவில்லை. உன்னை எப்படிக் கொன்றார்கள் என்று விளங்கிக்கொள்ளத்தான் சேர்ந்தேன்.

குடியை விட்டிருந்த மாதங்களில், பின்னேரங்களில் வாவிக்கரைக் கடையில் இஞ்சித் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடிப்பாய். "நாக்குத் திரும்பி வந்திட்டு மச்சான். இவ்வளவு காலமும் வெறும் சுடுதண்ணியத்தான் குடிச்சிருக்கன்" என்று சிரிப்பாய். பிறகு உன் மகள் பெரியவளானாள், சாமத்தியவீடு வந்தது. பந்தலுக்குப் பின்னால் அண்ணன் கிளாசை நீட்டினார்.

"மகள்ர சடங்குக்கும் தொடமாட்டியா? அண்ணன்ர கையால தாறன். பொம்பிளையாடா நீ?"

நான் தடுத்தேன். "விடு மச்சான், சபையில அண்ணன்ர முகம் வாடும்" என்று வாங்கினாய். அதன் பிறகு நீ அந்தக் கடைக்கு வரவே இல்லை. மாரி முடியுமுன் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தாய்.

எட்டாம் நாள் படையலில், வாழையிலையின் நடுவே சாராயப் போத்தலை வைத்தவரும் அவர்தான். "செத்தவன் விரும்பினத வைக்கிறதுதானே வழக்கம்" என்றார். நான் அதைத் தூக்கி வளவுக்கு வெளியே எறிந்தேன். அன்றிலிருந்து உன் சொந்தத்தில் ஒருவரும் என்னோடு பேசுவதில்லை. நானும்தான்.

கேட்பவர் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது எங்கள் படிப்பின் முதல் பாடம். முடியாவிட்டால் வேறொருவரிடம் அனுப்பலாம். அனுப்பத்தான் எழுந்தேன். அவர் கைகளைத் தொடைகளுக்கிடையே செருகிக்கொண்டு சொன்னார்:

"விடத்தான் பாக்கிறன். விட்டா ஒண்டுக்கும் ருசி இல்ல. மண்ணத் திங்கிற மாதிரிக் கிடக்கு."

திரும்ப உட்கார்ந்தேன். "நாக்குத் திரும்பி வரும். கொஞ்ச நாள் செல்லும்."

"ஆர் சொன்னது?"

உன் பெயரைச் சொன்னேன். அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் அவருடைய தோளைத் தொடவில்லை. மன்னிக்கவும் இல்லை, மச்சான். ஆனால் அடுத்த கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். அதையும் அவருக்கே கொடுக்க வேண்டி வந்துவிட்டது.