தெற்குச் சுவரில் இருந்த சாய்ந்த பயிர்

பிறவிக்கு மருந்தாய் நிற்கும் ஈசனே, உன் திருவடியை முன்வைத்தே மறைந்த என் மனைவிக்கு இதை எழுதுகிறேன். சொல்லில் கசப்பு மிகுந்தால் நீயே பொறுத்தருள்க.

என்னவளே, நாளை உன் தலைதிவசம். இன்று காலை பரணிலிருந்து நீ வரைந்த ஓவியத்தை இறக்கினேன். பாலிதீன் உறையைப் பிரித்ததும், வெயிலில் கிடந்த ரப்பர் செருப்பின் வாடை எழுந்தது. நம் மகன் அதைச் சட்டத்திலிருந்து கழற்றி, இடையில் தாள் வைக்காமல் சுருட்டி வைத்திருக்கிறான். சித்திரை வைகாசி முழுவதும் ஓட்டுக்கூரைக்குக் கீழே கிடந்ததில் அக்ரிலிக் இளகி, துணியின் முதுகோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மெல்லத்தான் பிரித்தேன். ஆயினும் பிளாஸ்திரியை உரிப்பதுபோல் ஓசை எழுந்தது. மஞ்சள் நெற்கதிர்களில் பாதி பின்பக்கத்தோடு போய்விட்டன.

"சுருட்டினா நடுவுல தாள் வைக்கணும்டா. இல்லேன்னா பெயிண்ட் ஒட்டிக்கும்" என்று நீ அவனிடம் சொன்னபோது நானும் அருகில் இருந்தேன். சென்னை வீட்டில் மாட்டுகிறேன் என்று வேறொரு படத்தை உன்னிடம் கேட்டு வாங்கி, புறப்படும்போது இங்கேயே மறந்து போனவன் அவன்.

மார்கழி மழையில் நம் சம்பா கதிரோடு சாய்ந்த ஆண்டு இந்தப் படத்தை வரைந்தாய். வரப்பில் நின்றவர்களெல்லாம் தலையில் கைவைத்திருக்க, நீ மட்டும் தண்ணீரில் படுத்திருந்த கதிர்களின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கூடத்துத் தெற்குச் சுவரில் நான்தான் ஆணியடித்து மாட்டினேன். அதைப் பார்த்த நம் சம்பந்தியம்மாள் முகம் சுளித்தார்.

"ஏன் சம்பந்தி, சாஞ்ச பயிர யாராவது கூடத்துல மாட்டுவாங்களா? லட்சணமா ஒரு கஜலட்சுமி மாட்டுங்க."

நீ காபியை நீட்டியபடியே, "கஜலட்சுமி கடையில கிடைக்கும் சம்பந்தி. இது நம்ம வயல்லதான் கிடைச்சுது" என்றாய். அவர் காபியை ஆற்றாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். அவர் போனபின் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

உன் கருமாதிக்கு முதல் நாள், நான் பாராயணத்தில் இருந்தபோது கூடத்தில் ஏணி இழுபடும் சத்தம் கேட்டது. எழுந்து சென்றேன். ஏணிமேல் மகன், கீழே சம்பந்தியம்மாள்.

"தெற்குதானே முன்னோர் திசை. அம்மா போட்டோ அங்கதான் இருக்கணும், சாஸ்திரம்" என்றவர், குரலைத் தாழ்த்தி, "இந்தப் படம் ஏறின பிறகுதானே அவங்களும் படுத்தாங்க" என்றார்.

"எந்தச் சாஸ்திரத்துல போட்டோவப் பத்திச் சொல்லியிருக்கு?" என்றேன்.

"அப்பா, நாலு பேர் வர்ற நேரம். வேணாமே" என்றான் மகன். நீ வரைந்தது இறங்கிற்று. உன் முகம் ஏறிற்று. நீ ஒருநாளும் அணிந்திராத அட்டிகையை ஸ்டுடியோக்காரர் உன் கழுத்தில் சேர்த்திருந்தார். வந்தவர்கள் எல்லோரும் அட்டிகையைப் பாராட்டினார்கள். நான் ஓதிய நூல்கள் தென்புலத்தாரை எள்ளும் நீரும் கொண்டு போற்றச் சொல்கின்றன. அவர்கள் கைவேலையைச் சுவரிலிருந்து இறக்கும்படி எங்கும் சொல்லவில்லை.

திவசத்துக்கு எல்லோரும் வந்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்திருக்க, உரிந்த ஓவியத்தைப் பழைய சட்டத்திலேயே இழுத்துக் கட்டி, பூஜை அறையில் மாட்டினேன்.

"அதான் கெட்டுப்போச்சேப்பா. அம்மா படம்தான் கூடத்துல இருக்கே" என்றான் மகன்.

"அது ஸ்டுடியோக்காரன் போட்டது. இதுதான் உங்க அம்மா போட்டது."

சம்பந்தியம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "சாமிக்குப் பக்கத்துலயா இத மாட்டுறது?"

"நாளைக்கு விழுந்து கும்பிடுறப்ப கண்ண மூடிக்குங்க சம்பந்தி" என்றேன்.

நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகனை மன்னிக்கும் மனத்தைத் தரும்படி ஈசனிடம் நாள்தோறும் கேட்கிறேன். அவர் இன்னும் தரவில்லை. நானும் வற்புறுத்திக் கேட்கவில்லை.

இதை வாசிப்போரும் அவர்தம் மனையும் மக்களும் குறைவின்றி வாழ்க. அவரவர் இல்லத்தில் அவரவர் கைவண்ணம் இறக்குவாரின்றி நிலைபெறுக.