குறுக்கே வந்த எருமை

ஆடி 4, வெள்ளி

விடிந்ததிலிருந்து காற்று. மாட்டுக் கொட்டகைத் தகரம் ஒன்று பறந்து அடுத்த காட்டில். மகள் செல்வியோடு சேலம் போனேன். வீட்டுக்காரர் போய் நாற்பது நாளாக எனக்குத் தூக்கம் இல்லை, கருமாதிக்கு வந்தவர்களை எல்லாம் கேலி பண்ணிச் சிரித்தேன். அதனால் அவளுக்குப் பயம்.

லேடி டாக்டர். கண்ணாடி, சின்ன வயசு. ஊசி இல்லை, மாத்திரை இல்லை. பேச்சுதான்.

“மனசுல இருக்கறதைச் சொல்லுங்கம்மா.”

“சொன்னா நீங்க வேலையை உட்டுட்டு ஓடிருவீங்க. பரவால்லைங்களா?”

டாக்டருக்குச் சிரிப்பு. சொன்னேன். லாரியை ஓட்டினது பழனிச்சாமி. இவர் ஓட்டும் லாரிக்கு இரண்டாவது டிரைவர். பத்து வருசம் என் கையால் சோறு தின்றவன். ஓமலூர் தாண்டிப் புளியமரத்தில் கொண்டுபோய் விட்டான். பக்கத்து சீட்டில் என் வீட்டுக்காரர், அங்கேயே முடிந்தது. அவனுக்குக் கால் முறிவு மட்டும். எருமை குறுக்கே வந்ததாம். போலீசிடமும் அதுதான், முதலாளியிடமும் அதுதான். பின்னால் வந்த லாரிக்காரர் எருமையும் இல்லை கன்றும் இல்லை என்கிறார். தூங்கியிருக்கிறான். அதை அவன் வாயால் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நாசமாகப் போக வேண்டும்.

டாக்டர் சொன்னது இரண்டு. நோட்டில் எழுது. (படித்தது அஞ்சாவது. பிழை பார்க்க ஆள் இல்லாதது நல்லது.) வீட்டுக்காரரை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் தினமும் அவரைப் பற்றிப் பேசு.

வாங்கினது: நோட்டு, பேனா, வெற்றிலை, எருமைக்குப் பருத்திக்கொட்டை.

ஆடி 6, ஞாயிறு

அம்மன் கோயிலுக்குக் காசு வெட்டிப் போடப் போனேன். பொய் சொல்கிறவன் பேரைச் சொல்லிக் காசை இரண்டாக வெட்டிப் போட்டால் மீதியை அம்மன் பார்த்துக்கொள்வாள். பூசாரி உளியைக் கையில் எடுத்தாச்சு. அப்புறம்தான் சொல்கிறார்.

“வெட்டுனதுக்கப்புறம் அந்த ஊட்டுல தண்ணி வாங்கக் கூடாது. அவங்ககூடப் பேசக் கூடாது. சாகறமுட்டும்.”

“பேசக் கூடாதுங்களா? அப்பறம் நான் யாரைத் திட்டறதுங்க?”

“அதை அம்மன் பாத்துக்குவா.”

“அம்மனுக்கு என்ற அளவுக்கு வாய் இல்லீங்களே.”

வெட்டாத காசோடு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் யோசனை. அவரை நன்றாகத் தெரிந்தவர் யார்? பத்து வருசம் ராப்பகலாகக் கூட இருந்தவன் ஒருத்தன்தான்.

ஆடி 7, திங்கள்

பால் குறைவு. காற்றுக்கு எருமை மிரள்கிறது.

மத்தியானம் பழனிச்சாமி வீடு. கட்டிலில் கிடந்தான். காலில் மாவுக்கட்டு, மடியில் சோற்றுத் தட்டு. என்னைப் பார்த்ததும் கை நின்றது. பெண்டாட்டி ராசாத்தி முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

“அழுவாத கண்ணு. சும்மா பேசத்தான் வந்தேன். டாக்டரம்மா உத்தரவு.”

ஸ்டூலை அவன் முன்னால் போட்டு உட்கார்ந்தேன். நாமக்கல் சந்தையில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு, இவர் ஒற்றைச் செருப்போடு கம்பீரமாக வந்த கதை. சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அவனுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. கிளம்பும்போது,

“ஏஞ்சாமி, அந்த எருமைக்குக் கொம்பு நேரா, சுருட்டையா?”

தட்டைத் தள்ளி வைத்தான். வீட்டுக்கு வந்து படுத்ததும் தூங்கிவிட்டேன்! இப்போதுதான் முழிப்பு.

ஆடி 8, செவ்வாய்

குழாயடியில் ஒருத்தி: “தாலி அறுத்து ரெண்டு மாசம் ஆகல, ஊர் சுத்தறா பாரு.” நான்: “நீயும் வா, துணைக்கு ஆள் இல்லை.”

பழனிச்சாமியிடம் இன்று, இவர் என்னைப் பெண் பார்க்க வந்த கதை. பிறகு, “என்ற ஊட்டு எருமையைக் கேட்டுப் பாத்தேன் சாமி. அது ஓமலூர்ப் பக்கமே போனதில்லையாம்.”

ராசாத்தி மோர் கொடுத்தாள். குடித்தேன். உப்புச் சரியாக இருந்தது.

செல்விக்குக் கோபம். “ஏம்மா அந்த மனுசனை இப்படி வதைக்கறே?”

“உன்ற டாக்டர்தானே பேசச் சொன்னது?”

ஆடி 10, வியாழன்

நேற்று எழுதவில்லை. போனேன். அவன் இளைத்துவிட்டான். எனக்கு நல்ல பசி.

இன்று நான் உட்காரும் முன்பே,

“அக்கா, காசு வெட்டிப் போடுங்க. உங்களைக் கும்பிடறேன். இந்தப் பேச்சு வேண்டாங்க.”

“வெட்ட மாட்டேன் சாமி. நாளைக்கும் வாரேன். உனக்குப் பல்லு உழுந்தாலும் வாரேன்.”

ஆடி 11, வெள்ளி

தூறல். பாதி நனைந்து போனேன். ராசாத்தி கடைக்குப் போயிருந்தாள். அவனும் நானும்.

“எருமை இல்லீங்க அக்கா. தூங்கிப்போட்டனுங்க.”

இத்தனை நாள் கேட்ட வார்த்தை. வாயில் ஒரு கேலியும் வரவில்லை.

“அவரு?”

“முழிச்சிருந்தாருங்க. எனக்குக் கண்ணு சொக்குதுன்னு, உங்களை மாதிரியே பேசிக் காட்டிட்டு வந்தாரு. சிரிச்சுட்டேதான் ஓட்டுனேன். அப்படியே அசந்துட்டேன்.”

“பேசிக் காட்டு.”

“அக்கா...”

“காட்டுடா.”

நிமிர்ந்து உட்கார்ந்தான். கண்ணில் தண்ணீர், பெண்குரல். “ஏனுங்க, லாரி ஆரன் கெட்டுப்போச்சுன்னா உங்க மூக்கைக் கழட்டி மாட்டிக்குங்க.”

இவருடைய குறட்டைக்கு நான் சொல்வது. வார்த்தைக்கு வார்த்தை.

மன்னிப்பெல்லாம் கிடையாது. போலீசிடமும் சொல்ல வேண்டும் என்றேன், தலையாட்டினான். ஆனால் ஓமலூரிலிருந்து அந்த மரம் வரைக்கும் இவர் இன்னும் எத்தனை பேசியிருப்பார். ஒன்று விடாமல் அவன் வாயிலிருந்து வாங்காமல் விடமாட்டேன். நாளைக்குச் சீக்கிரமே போக வேண்டும்.