அட்டை இல்லாத வரிசை

என் ஆசைப் பேத்திக்கு,

பாட்டி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். என் முழங்காலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதே. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் கேட்டால் "ஆச்சு பாட்டி" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறாய். கடிதத்தில் கேட்டால் கொஞ்சம் யோசித்துச் சொல்வாய் என்றுதான் கேட்கிறேன்.

கண் பரிசோதனைக்குப் போயிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை, நானாகத்தான் ஆரம்பித்தேன். என் பேத்தி மக்காச்சோளத்துக்கு வைத்தியம் பார்க்கிறாள், ஆராய்ச்சி நிலையத்தில் பெரிய வேலை என்றேன். நோயைச் சுமந்து வரும் தத்துப்பூச்சியைக் கூண்டு வைத்து வளர்த்து, செடிமேல் விட்டு, அதற்கும் மசியாமல் நிற்கிற செடியை மட்டும் பொறுக்கி விதை எடுப்பாள் என்று விளக்கினேன். அந்த அம்மாள் சேலையை உதறிக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். நானும் பூச்சியோடு வந்திருக்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ.

இப்போது வயல் விஷயத்துக்கு வருகிறேன். கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

நீ சோதனைக்கென்று நம் வயலில் விதைத்துவிட்டுப் போனது நன்றாகவே முளைத்தது. உன் புது ரக வரிசைகளுக்கெல்லாம் தலைமாட்டில் குச்சி நட்டு அட்டை கட்டியிருந்தாய். நடுநடுவே அட்டை இல்லாமல் பழைய ரகத்தையும் விதைத்தாய் இல்லையா, அதில்தான் முதலில் நோய் வந்தது. இலை நெடுக மஞ்சள் கோடு. வழக்கம்போல ஊரெல்லாம் இந்த நோய்தான், ஆனால் நம் வயலில் வந்ததுதான் எல்லோர் கண்ணிலும் பட்டது. பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று, "டாக்டரம்மா வயலுக்கே சீக்கு வந்துடுச்சே, இனி எங்களுக்கு யாரு கதி" என்றார்.  உன் அப்பனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

மறுநாள் காலை அவனுக்குத் தேநீர் எடுத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால், அட்டை இல்லாத வரிசை ஒன்றை வேரோடு பிடுங்கிக் குவித்துவிட்டு, அடுத்ததில் கை வைத்திருக்கிறான். "டேய், அது அவ வேணும்னே நட்டதுடா" என்று கத்தினேன். அவன் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "அட்டை கட்டினதுதானே அவளோடது? இந்தச் சீக்கு அதுக்கு ஒட்டிடக் கூடாதேன்னுதான் பிடுங்கறேன்" என்றான்.

அவனுக்குத் தெரியாது, கண்ணு. நோய்க்கு நடுவில் நிற்க வைத்துப் பார்த்தால்தான் எந்தச் செடி தாங்கும் என்று தெரியும், அதற்குத்தான் சீக்கிரம் நோய் பிடிக்கிற இந்தப் பழைய ரகம் என்று நீ அடுப்படியில் என்னிடம்தான் சொன்னாய். எனக்கு மட்டும் சொன்னாய் என்று நானும் பூரித்துப் போயிருந்தேன். அவனிடம் நீ சொன்னதெல்லாம் மருந்தடிக்க வேண்டாம், தண்ணீர் மட்டும் பாய்ச்சுங்கள், அவ்வளவுதான். நீ வேலைக்குக் கிளம்பிய அன்று, "மக்காச்சோளம் பார்க்கவா இவ்வளவு படிச்சே, நான் படிக்காமலே பார்க்கறேனே" என்று அவன் சொன்னதை நீ மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவனும் மறக்கவில்லை.

நான் விஷயத்தைச் சொன்னதும் குவியலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். வாடிப்போன செடி ஒன்றை எடுத்து மறுபடி குழியில் வைத்து மண்ணை அணைத்துப் பார்த்தான். அது சாய்ந்தது. தேநீர் ஆறிப்போயிற்று.

பிறகு என்ன செய்தான் தெரியுமா? யாரிடமும் ஒரு கைப்பிடி உப்புகூடக் கேட்காதவன், அதே பக்கத்து வயல்காரரிடம் போய் நின்றான். "உன் வயல்ல நோய் நல்லா முத்தின செடியா பார்த்து கொஞ்சம் குடுப்பா" என்றான். அவர், "நல்ல செடி கேட்டு வந்தவனைப் பார்த்திருக்கேன், சீக்காளியைத் தேடி வந்தவனை இப்பத்தான் பார்க்கறேன்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தாலும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவரும் கூட வந்தார். வேர்மண் உதிராமல் கூடையில் சுமந்து வந்து வெறுமையாய்க் கிடந்த வரிசையில் நட்டார்கள். பாதி காய்ந்துவிட்டது. மீதியை உன் அப்பன் ஓலையால் நிழல் மறைத்துக் காப்பாற்றினான். நோயாளிச் செடிக்கு இப்படிப் பணிவிடை செய்கிறவனை நீ உங்கள் நிலையத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டாய்.

அந்த இடத்தில் குச்சி நட்டு, தன் பழைய சட்டையைக் கிழித்து ஒரு துண்டு கட்டியிருக்கிறான், உனக்கு அடையாளம் தெரியட்டும் என்று. அந்தப் பக்கத்துச் செடிகளை நீ கணக்கில் சேர்ப்பாயோ தள்ளுவாயோ, உன் வேலை உனக்குத்தான் தெரியும். இரக்கப்பட்டு மார்க் போடாதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் துணிக்குச்சியிலிருந்து தள்ளி, கோடிப் பக்கமாக உன் அட்டை கட்டிய வரிசை ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் மஞ்சள் பிடித்து நிற்க, அது மட்டும் பச்சையாக நிற்கிறது. உன் அப்பன் தினமும் அங்கே போய் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். "யாரு மாதிரி பிடிவாதம் பார்த்தீங்களா" என்றாள் உன் அம்மா. நேற்று பக்கத்து வயல்காரர் அதில் நாலு விதை கிடைக்குமா என்று கேட்டார். "என்னைக் கேட்காதே, என் மகளைக் கேளு" என்றான். அந்த "என் மகளை" என்பதைச் சொன்னபோது அவன் குரலை நீ கேட்டிருக்க வேண்டும்.

பிடுங்கியதை உன்னிடம் சொல்லத்தான் பயம். போனை எடுப்பான், வைப்பான். "சொன்னா இனிமே என்னை நம்பி ஒரு விதைகூடத் தரமாட்டா அம்மா" என்றான். நரைத்த தலையோடு பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றான். அதனால்தான் இந்தக் கடிதம்.

அடுத்த தடவை விதைப் பொட்டலத்தை அவன் பெயருக்கே அனுப்பு. பழைய ரகத்துக்கும் ஒரு அட்டை கட்டு. என்னிடம் அடுப்படியில் சொன்னதை அவனிடம் வரப்பில் உட்கார்ந்து சொல். அவன் குறுக்கே பேசமாட்டான், நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ எங்கே நின்றாலும் அந்தக் கோடி வரிசைபோல் பச்சையாக நில், என் தங்கமே.

உன் பாட்டி

நான் எழுதி முடித்ததும் உன் அப்பன் பேனாவை வாங்கிக்கொண்டான். கீழே இருப்பது அவன் கையெழுத்து.

வரிசையைப் பிடுங்கியது நான்தான். தண்ணீர் பாய்ச்சியாயிற்று. கதிர் முற்றுவதற்குள் வந்து பார். அப்பா.