சரண்டர் பட்டனைத் தொடமாட்டேன்

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூர்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் க்ளெனுக்கு மம்மி எழுதுவது,

மாதாவின் கருணையால் இங்கே காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லாமல் எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், டாடியின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. நீயும் அந்தப் பனியில் காதை மூடித் தொப்பி போட்டுக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன், நீ போனை எடுப்பதில்லை என்பதால் நினைத்துக்கொள்ளத்தான் முடிகிறது. கையெழுத்து இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று பார்க்காதே, அது உன் தங்கச்சி நிக்கோலுடையது, என் இரண்டு கையிலும் குல்குல் பலகார மாவு. கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் இருந்தாலும் வியாழக்கிழமை ஐரின் ஆன்ட்டி தன் மகளைப் பார்க்க உங்கள் ஹாலிஃபாக்ஸுக்கே பிளேன் ஏறுகிறாள், அவள் பெட்டியில் ஒரு டப்பா குல்குல்லுக்கும் ஒரு கடிதத்துக்கும் இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். நான் மாவை முள்கரண்டியில் சுருட்டிக்கொண்டே சொல்கிறேன், நிக்கோல் எழுதுகிறாள். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், சர்ச் தமிழ் வகுப்பு நடந்த பாதி நாள் நீ கிரவுண்டில் இருந்தாய், அதனால் மெதுவாக வாசி, மெதுவாக வாசித்தால் கோபமும் மெதுவாகும்.

கோபம் எதற்கு என்று எனக்குத் தெரியும். ஜூன் மாதம் நீதான் அந்தக் கார்டு கேமைப் பழைய டேப்லெட்டில் போட்டுக் கொடுக்கச் சொல்லி நிக்கோலிடம் சொன்னாய், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இங்கே டீ நேரம், அங்கே உனக்குக் காலை, நாம் இரண்டு பேரும் ஆடலாம் என்றாய். நானும் முதலில் எந்தப் படம் என்ன செய்யும் என்று தெரியாமல் தோற்றேன், அது நிஜமான தோல்விதான், அப்புறம் நிக்கோல் சொல்லிக்கொடுத்துக் கொஞ்சம் பிடிபட்டது. பிடிபட்ட பிறகு ஜெயிக்கிற கார்டு கையில் இருக்கும்போதே சரண்டர் பட்டனை அழுத்தினேன். ஒவ்வொரு வாரமும் அழுத்தினேன். நீ என்னடா என்றால் அந்த வெற்றிகளை எண்ணிக்கொண்டு அந்த ஊர் லைப்ரரியில் நடந்த போட்டிக்குப் பேர் கொடுத்தாய், கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு ஃபோட்டோ அனுப்பினாய், டாடி அதை சர்ச்சில் எல்லோருக்கும் காட்டினார். முதல் சுற்றிலேயே ஒரு ஸ்கூல் பையனிடம் தோற்றுவிட்டு, எங்கே தப்பு என்று பழைய ஆட்டங்களைத் திரும்ப ஓட்டிப் பார்த்தாய், அதில் என் கையில் இருந்த கார்டெல்லாம் தெரிந்துவிட்டது. அப்படித் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. "என்னை முட்டாள் ஆக்கிட்டீங்களே மம்மி, நான் என்ன இன்னும் எல்கேஜியா?" என்று ஒரு மெசேஜ், அதோடு ஃப்ரெண்ட் லிஸ்டிலிருந்து என் பேரை எடுத்துவிட்டாய். டாடி கேட்டால் பிஸி என்று ஒரு வார்த்தை.

மகன் ஜெயிக்கட்டும் என்று தாய் விட்டுக்கொடுத்தால் அதில் என்ன பாவம் என்று எனக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். டாடி கேட்டுவிட்டு, "ரம்மியில ஜோக்கரை முந்தானைல ஒளிச்சு வைக்கிறவ நீ, உனக்கு விட்டுக்குடுக்கக்கூட தெரியுமா?" என்று சிரிக்கிறார். ஆனால் நிக்கோல் ஒன்று சொன்னாள், அது மனசில் நின்றுவிட்டது. "நீங்க தோத்துக் குடுத்ததால அண்ணன் சேர்த்து வச்ச கார்டுக் கட்டுல, அவனோட டெக்ல இருக்கிற ஓட்டையெல்லாம் அவனுக்குத் தெரியாமலே போச்சு" என்றாள். அது சரிதான். கேக் வேகவில்லை என்று சொல்லாமல் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டுவிட்டுப் போனால் செய்தவள் அடுத்த ஆர்டரிலும் அப்படித்தானே செய்வாள். அதனால் இத்தனை மாதம் உன் எதிரில் உட்கார்ந்து நான் பார்த்ததை எல்லாம் இப்போது சொல்கிறேன். ஜனவரியில் அதே லைப்ரரியில் இன்னொரு போட்டி இருக்கிறதாம், நிக்கோல் தேடிப் பார்த்துச் சொன்னாள். போவாயோ மாட்டாயோ, கேட்டுக்கொள்.

முதல் விஷயம், உன் டெக்கில் பெரிய கார்டு அதிகம். ஒவ்வொரு சுற்றுக்கும் கார்டை இறக்குகிற சக்தி ஒன்று ஒன்றாகத்தானே ஏறுகிறது, உன்னிடம் இருப்பதெல்லாம் ஆறும் ஏழும் கேட்கிற ராட்சசர்கள். அதனால் ஆரம்பத்தில் நீ சும்மா உட்கார்ந்திருக்கிறாய், அதற்குள் எதிராளி, இடிந்தால் ஆட்டமே முடிந்துபோகிற உன் கோட்டையைப் பாதி இடித்துவிடுகிறான். பெரியதில் நான்கைந்து வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடு, ஒன்று இரண்டு சக்தியில் இறங்குகிற சின்னச் சின்ன ஆட்களைப் போடு. பார்க்க அழகாக இருக்கிறதென்று மினுமினுக்கிற கார்டாக ஒவ்வொன்று சேர்த்து வைத்திருக்கிறாய், ஒன்றே ஒன்று இருந்தால் வேண்டிய நேரத்தில் அது கைக்கு வருமா? சாதாரணமானதாக இருந்தாலும் நல்ல கார்டை இரண்டு இரண்டாக வை. நான் வாட்ச்மேன் என்று பேர் வைத்திருக்கிறேனே, கேடயம் பிடித்துக்கொண்டு கோட்டை வாசலில் நிற்கிறவன், அவனைத் தாண்டாமல் யாரும் உள்ளே அடிக்க முடியாது, அவன் உன்னிடம் ஒருத்தன் கூட இல்லை. நம் தெரு அப்பார்ட்மென்டுக்காரர்களே இரண்டு வாட்ச்மேன் வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது அந்தத் தங்க டிராகன். ஆட்டம் ஆரம்பிக்கும்போது கையில் வந்த கார்டில் வேண்டாததைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கலாம் அல்லவா, நீ டிராகன் வந்துவிட்டால் அதைத் திருப்பிக் கொடுப்பதே இல்லை. அது எட்டாவது சுற்றில்தான் இறங்கும், அதுவரை உன் கையில் படுத்துத் தூங்குகிறது. உனக்கு அதன் மேல் ஆசை, எனக்குப் புரிகிறது, ஆனாலும் முதல் கையில் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடு, வேண்டிய நேரத்தில் தானாக வரும். நெருப்பு மழை கார்டையும் நீ அவசரப்பட்டுக் கொட்டிவிடுகிறாய், எதிரில் ஒரு எலிக்குஞ்சு நின்றாலும் நெருப்பு மழை. அது எல்லோரையும் ஒரேயடியாகக் கொளுத்துகிற கார்டு, எதிராளி மூன்று நான்கு பேரை இறக்கட்டும் என்று அடி வாங்கிக்கொண்டு காத்திரு. அதே நெருப்பு மழை அவனிடமும் இருக்கும் என்று நினைத்து, உன் ஆட்களை எல்லாம் ஒரே நேரத்தில் களத்தில் இறக்காமல் இரண்டு பேரையாவது கையில் வை. நான் எத்தனை தடவை உன் மொத்தப் படையையும் கொளுத்தியிருக்கலாம் தெரியுமா, மனசு வராமல் கார்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று நிக்கோல் எனக்குச் சொல்லிக்கொடுத்தது, இதுதான் பெரியது என்கிறாள். ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு பேரில் யாருக்கு அவசரம் என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அவன் டெக்கில் சின்ன ஆட்கள் நிறைய இருந்தால் நேரம் ஆக ஆக அவன் கை காலியாகிவிடும், அவனுக்குத்தான் அவசரம், நீ கதவைச் சாத்திக்கொண்டு பொறுமையாக இரு. அவன் பெரிய கார்டுக்காகக் காத்திருக்கிறான் என்றால் அவசரம் உனக்கு, அவன் ஆட்களோடு மல்லுக்கட்டாமல் நேராகக் கோட்டையை அடி. நீ எல்லோரிடமும் ஒரே மாதிரி ஆடுகிறாய். வேகமாகவும் ஆடுகிறாய், ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் கொடுத்திருப்பது யோசிக்கத்தான், நேரம் காட்டுகிற அந்தத் திரி எரிந்து முடிகிற வரை யாரும் உன்னை எழுப்பிவிடப் போவதில்லை. இரண்டு ஆட்டம் வரிசையாகத் தோற்றால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடி, கொஞ்சம் நட. கோபத்தில் மூன்றாவது ஆடுகிறவன் தோற்பதற்கென்றே உட்காருகிறான். ஒரு ஆட்டம் தோற்றதற்காக டெக்கையே மாற்றாதே, அடுத்தவன் வேறு மாதிரி ஆடுவான்.

இவ்வளவையும் அவனிடம் சொல்லிவிட்டு நீ எப்படி ஜெயிப்பாய் என்று டாடி கேட்கிறார். அது என் கவலை. இங்கே வேறு செய்தி என்னவென்றால், தண்ணீர் டேங்கர்காரனைக் கேட்டால் "நாளே, நாளே" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறான், அவனுடைய நாளை எந்தக் கிழமையில் வருமோ தெரியவில்லை. பட்டர் ஃப்ரூட் மரம் இந்த வருஷம் நன்றாகக் காய்த்தது, பாதியை அணில் பார்த்துக்கொண்டது. கிறிஸ்துமஸ் கேக் ஆர்டர் போன வருஷத்தைவிட அதிகம், பழமெல்லாம் ஊற வைத்தாயிற்று, ஐசிங் முழுக்க நிக்கோல்தான், வாங்க வருகிறவர்கள் முன்னால் மட்டும் வரமாட்டாள், டப்பாவை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு ஓடிவிடுகிறாள். அங்கே வெயில் தெரிகிற நாளில் வெளியே நில், ரூமுக்குள்ளேயே கிடக்காதே. இரு, ஓவனில் வைத்தது தீய்கிற வாசனை வருகிறது, பார்த்துவிட்டு வருகிறேன்.

அண்ணா, இது நிக்கோல். மம்மி அடுப்படிக்குப் போயிருக்கிறார்கள், ஓவனைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே பக்கத்து வீட்டோடு பேச நின்றுவிட்டார்கள், அதற்குள் எழுதிவிடுகிறேன். போனில் இதைச் சொல்ல எனக்கு வராது. ஒன்பதாவதில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னாலே புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்துவிடுவேன், அதனால்தான் அப்புறம் ஸ்கூலுக்குப் போகவே இல்லை என்பது உனக்குத் தெரியும். நீ போன் செய்தாலும் ஹலோ சொல்லிவிட்டு மம்மியிடம் கொடுத்துவிடுவேன். ஆனால் நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். மம்மி உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஜூலையில் நீ மம்மியை நிஜமாகவே ஜெயித்தபோது உடனே போன் செய்தாய், சிரித்தாய், ரூமில் யாரிடமும் பேசாமல் இருக்கிறேன் என்று சொன்னாய், அன்றைக்கு டீ ஆறிப்போகிற வரை பேசினாய். அடுத்த வாரம் மம்மி ஜெயித்தார்கள், அன்றைக்கு நீ போன் செய்யவில்லை. அதற்கடுத்த வாரமும் மம்மி ஜெயித்தார்கள், போன் வரவில்லை. நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய். மம்மி கவனித்தார்கள். அதற்குப் பிறகுதான் சரண்டர் பட்டன். அழுத்திவிட்டு டேப்லெட்டை மூடி, போனை எடுத்து சத்தத்தைக் கூட்டி மேஜையில் வைத்துவிட்டு, அதைப் பார்க்காத மாதிரி பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டு நிற்பார்கள். அது அடிக்கும். ஒரு வாரம் நான், "மம்மி, இந்தக் கார்டைப் போட்டா ஜெயிச்சிடலாம்" என்றேன், "ஜெயிச்சு நான் என்ன பண்றது, நீ சும்மா இரு" என்றார்கள். உன்னைச் சின்னப் பையன் என்று நினைத்து அழுத்தவில்லை, அண்ணா. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கு டேப்லெட்டைத் திறந்து உன் பேர் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

உன் டெக்கைப் பற்றி மம்மி சொன்னது எல்லாம் சரி. நானும் ஒன்று சொல்கிறேன், இதைச் செய்தால் உன்னிடம் யாரும் விட்டுக்கொடுத்து ஆட மாட்டார்கள். தோற்ற அன்றைக்கும் போன் செய். நீ பேசவில்லை என்றால் நான் பேசுகிறேன், என்ன பேசுவதென்று இப்போதே யோசித்து வைத்திருக்கிறேன். மம்மி வருகிற சத்தம் கேட்கிறது.

வந்துவிட்டேன், ஒரு ட்ரே மட்டும் ஓரத்தில் கறுத்துவிட்டது, அதை டாடி சாப்பிட்டுக்கொள்வார். நான் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆயிற்று, அதற்குள் இத்தனை வரி என்ன எழுதினாய் என்று கேட்டால் பேனா சரியாக எழுதவில்லை, எழுதிப் பார்த்தேன் என்கிறாள். போகட்டும். க்ளென், குல்குல்லை ஈரம் படாமல் வை, உன்னோடு ரூமில் இருக்கிறவர்களுக்கும் கொடு, ஐரின் ஆன்ட்டியைப் போய்ப் பார்த்துக் காலுக்கு உறை வாங்கிக்கொடு, அவளுக்குக் குளிர் தாங்காது. படுக்கும் முன் ஒரு மங்கள வார்த்தை செபமாவது சொல்லிவிட்டுப் படு. ஆண்டவர் உன் போக்கையும் வரவையும் காக்கட்டும், மாதா உன் தலை மேல் கை வைத்திருக்கட்டும், உன் வேலையும் உன் உடம்பும் செழிக்கட்டும்.

மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை இங்கே ஆறரை மணி. உன் லிஸ்டில் சேர்க்கச் சொல்லி என் பேரைத் திரும்பவும் அனுப்பியிருக்கிறேன், சரி என்று அழுத்தினால் போதும். சரண்டர் பட்டனைத் தொடமாட்டேன், மாதா மேல் ஆணை. என்னிடம் இரண்டு நெருப்பு மழை இருக்கிறது, வாட்ச்மேன் மூன்று பேர் இருக்கிறார்கள், கெட்டிக்காரனாக இருந்தால் தாண்டி வா. தோற்றால் அழக்கூடாது. தோற்ற பிறகு போனை எடுத்து என்னைத் திட்டலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திட்டு, டீயைச் சூடு பண்ணிக்கொண்டே கேட்பேன்.

முத்தங்களோடு,
உன் மம்மி பிரிஜெட்
(எழுதியது நிக்கோல்)