அட்டவணையில் இல்லாத ஆறு பேர்

ஜனவரி 9
என் கட்டுரையை ஆய்விதழில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். சின்னத் திருத்தங்கள்தான் பாக்கி. முதலாண்டு செல் உயிரியல் வகுப்பில் சீட்டு குலுக்கிப் பெயர் எடுத்துக் கேள்வி கேட்டேன். மதிப்பெண் ஒன்பது சதவீதம் ஏறியது, பருவ முடிவில் பதற்றமும் குறைந்தது. இரண்டு வருட உழைப்பு. துறைத் தலைவர் கை கொடுத்தார். வீட்டில் என் கணவர் சமையலறையிலிருந்து, "இனிமே பாத்திரம் கழுவறதுக்கும் சீட்டுதானா?" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஜனவரி 12
திருத்தக் குறிப்பில் ஒரு கேள்வி: 'பாதியில் நின்ற ஆறு மாணவர்கள் ஏன் நின்றார்கள்?' சொந்தக் காரணங்கள் என்று எழுதியிருந்தேன். யாரைக் கேட்டு எழுதினேன்? யாரையும் இல்லை.

ஜனவரி 13
அலுவலகத்தில் அந்த ஆறு பேரின் கோப்பு கேட்டேன். எழுத்தர் அம்மா ஒரு புகைப்படத்தைத் தட்டிக் காட்டினார். "இந்தப் பொண்ணா? செவ்வாய்க்கிழமையானா வயித்துவலின்னு லெட்டரோட வந்து நிக்குமே மேடம். வாயத் திறந்து ஒரு வார்த்த பேசாது."
செவ்வாய் என் வகுப்பு.

ஜனவரி 14
வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். ஒன்பது செவ்வாய் வரவில்லை. மற்ற நாள் ஒன்றுகூட விடவில்லை.

ஜனவரி 18
அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மா எடுத்தார். "கண்ணாடிக் கடையில வேல பாக்குறா. அங்க போய்ப் பாருங்க."
கடையின் பின்பக்கம், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நான் உட்காரச் சொன்னேன், அவள் உட்காரவில்லை. மெதுவாக, நின்று நின்று பேசினாள்.
"எனக்கு விடை தெரியும் மேடம். ரைபோசோம். முதல் எழுத்துலயே நின்னுடுச்சு. எனக்குத் திக்கும். நீங்க காத்துக்கிட்டே இருந்தீங்க."
ஆமாம், காத்திருந்தேன். கேட்டுவிட்டு அவசரப்படாதே, காத்திரு என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எண்பது பேர் திரும்பிப் பார்க்க, ஒரு முழு நிமிடம். பிறகு நோட்டில் 'விடை தெரியவில்லை' என்று எழுதி, பூஜ்யம் போட்டேன்.

ஜனவரி 19
எப்படித் தெரியாமப் போச்சு எனக்கு? உதடு துடிச்சுதே, கண்ணு கலங்குச்சே. நான் கடிகாரத்தப் பாத்துக்கிட்டு நின்னேன்.
இன்னொன்றும் உறைக்கிறது. பதற்றத்தை அளக்கும் கேள்வித்தாளைப் பருவ முடிவில் இருந்தவர்கள்தான் நிரப்பினார்கள். பதறியவர்கள் போய்விட்டால் பதற்றம் குறையாமல் என்ன செய்யும்?

ஜனவரி 22
துறைத் தலைவரிடம் சொன்னேன். "ஆறு பேரால என்னம்மா மாறிடப் போகுது? வர்ற மாசம் உன் பதவி உயர்வுக் கமிட்டி. வேலியில போறத எடுத்து வேட்டியில விட்டுக்காத."
வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கும் சேர்த்து வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 23
வீட்டில் இவரிடம் சொன்னேன். "மத்த அஞ்சு பேரு?" என்று மட்டும் கேட்டார்.

பிப்ரவரி 16
இருவர் போனை எடுக்கவே இல்லை. ஒருவருக்கு அப்பாவின் உடல்நிலை; அது நிஜமாகவே சொந்தக் காரணம். ஒருவன் கணிதத்துக்கு மாறியிருக்கிறான். "உங்க வகுப்பு அன்னிக்குக் காலையில வாந்தி வரும் மேடம்" என்றான், சிரித்துக்கொண்டே. இன்னொருத்தி என் பெயரைச் சொன்னதும் வைத்துவிட்டாள்.
ஆறு பேரின் பழைய தேர்வுகளையும் சேர்த்துக் கணக்கிட்டேன். ஒன்பது சதவீதம் நாலாகிவிட்டது. பதற்றம் குறைந்தது என்ற பத்தியை எடுத்துவிட்டேன். மிச்சத்தை வைத்துக் கட்டுரை நிற்காது; அதைத் திரும்பப் பெறும் கடிதத்தை ஆய்விதழுக்கு அனுப்பியாயிற்று.

மார்ச் 5
பதவி உயர்வு இல்லை.

ஜூலை 3
புதிய வருடம் தொடங்கியது. கேள்வியைப் பலகையில் எழுதினேன். இருவர் இருவராகப் பேசிவிட்டுத் தாளில் எழுதித் தரச் சொன்னேன்.
வெளியே வந்தபோது கண்ணாடிக் கடைப் பெண் எதிரே வந்தாள், தோளில் பை. தாவரவியலில் சேர்ந்திருக்கிறாளாம், எழுத்தர் அம்மா அப்புறம் சொன்னார். என் பாடத்தை எடுக்கவில்லை.
தலையை லேசாக அசைத்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய் வரை வந்தது. மணி அடித்துவிட்டது, அவளுக்கு வகுப்பு. நான் சுவரோரம் ஒதுங்கி வழி விட்டேன்.