பன்னிரண்டிலிருந்து நாலு வரை

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. கடிதம் எழுதி எத்தனை வருஷமாயிற்று! உன் முகவரியை உறையின் எந்தப் பக்கம் எழுதுவது என்றே தடுமாறினேன். வேறென்ன செய்ய, என் நம்பரைத்தான் பிளாக் செய்துவிட்டாயே.

அப்பா போய்ப் பதினெட்டு நாளாகிறது. உன் வீட்டில் மூன்று நாள் இருந்தேன். எல்லாருக்கும் கையில் காபி கொடுத்த நீ, என் தம்ளரை மட்டும் ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாய். அத்தானைப் பார்த்தால் அவர் கூரையைப் பார்க்கிறார். நான் செய்த குற்றம் என்ன? திட்டுவதானால் திட்டித் தீர்த்துவிடு. சின்ன வயதில் உன் கையால் வாங்காத அடியா? பேசாமல் மட்டும் இருக்காதே.

உன் தம்பி

மார்ச் 9

தம்பிக்கு,

குற்றம் என்னவென்று கேட்கிறாயே, நல்ல நெஞ்சழுத்தம்தான் உனக்கு.

கடைசி வாரத்தில் அப்பாவுக்கு மதிய மருந்துக்குப் பிறகு ஒரு மணி நேரம்தான் நினைவு தெளிவாக இருந்தது. அந்த நேரம் முழுக்க உன்னைத்தான் கேட்டார். திங்கள் முதல் வியாழன் வரை தினமும் ஒன்றரை மணிக்குக் கூப்பிட்டேன். நாலு நாளும் உன் போன் அணைந்தே கிடந்தது. “எடுத்தானாம்மா?” என்பார். “வேலையா இருக்கானாம்ப்பா, சாயங்காலம் பேசறானாம்” என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். வெள்ளிக்கிழமை கேட்பதற்கு அவர் இல்லை.

ஒரு நாள் என்றால் சார்ஜ் இல்லை என்று நினைக்கலாம். நாலு நாளுமா? அப்பாவின் பாரம் உன் தலையில் விழுந்துவிடுமோ என்று ஒளிந்துகொண்டாய். ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் பேசினால் மகன் கடமை தீர்ந்ததா?

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கூப்பிட்டது உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். சொன்னால் சிரிப்பாய், அல்லது காறித் துப்புவாய். என்றாலும் சொல்கிறேன்.

பம்ப் ஹவுஸில் மூன்று மோட்டார் என் பொறுப்பு. ஓட ஓட ஓய்வு கொடுக்காவிட்டால் உள்ளே கம்பிச்சுருள் கருகிவிடும். போனும் அப்படித்தான் என்று நினைத்தேன். நீ ஆசையாக வாங்கித் தந்தது, பத்து வருஷம் உழைக்க வேண்டும் என்று தினமும் பன்னிரண்டிலிருந்து நாலு வரை அணைத்து வைப்பேன். யாராவது கூப்பிட்டிருந்தால் திறந்ததும் தானாகக் காட்டும் என்று நம்பினேன்.

உன் கடிதத்தோடு போன் கடைக்கு ஓடினேன். அங்கே பழுது பார்க்கும் பெண் சொன்னாள்: “அண்ணே, இது மோட்டார் இல்லண்ணே. அணைச்சு வச்சா ஆயுசு கூடாது. யார் கூப்பிட்டாங்கன்னு கம்பெனியிலருந்து மெசேஜ் வருமே, பாக்கலையா?” பார்க்கவில்லை அக்கா. மெசேஜ் சேர்ந்தால் போனுக்குச் சுமை, பேட்டரி தீர்ந்துவிடும் என்று கம்பெனி மெசேஜ்களைப் படிக்காமலே மொத்தமாக அழித்துவிடுவேன். உன் நாலு அழைப்பும் அதோடு போயின.

அணைத்த போனை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டாள். மோட்டார் சுவிட்சுப் பெட்டிக்கு மேலே என்றேன். சூடுதான் பேட்டரிக்கு எமன் என்று தலையில் அடித்துக்கொண்டாள். இப்படி ஒரு முட்டாளை நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம். அப்பாவிடம் இருந்து நான் ஒளியவில்லை. அது ஒன்றை மட்டும் நம்பு.

உன் தம்பி

ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

நம்புகிறேன். நம்பாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. உன் மேல் கோபம் இருந்தவரை என்னால் எழுந்து நடமாட முடிந்தது.

உனக்கு ஒன்றை எழுதாமல் விட்டேன். அந்தக் கடைசி வாரம் புதன்கிழமை பொய் சொல்ல வாய் வரவில்லை. “போனை அணைச்சே வச்சிருக்கான்ப்பா” என்றேன். அப்பா சிரித்தார். “அந்தக் கிறுக்கன் மோட்டார்னு நெனச்சு ஓய்வு குடுத்திருப்பான். நாலு மணிக்கு மேல கூப்பிட்டு, வரச் சொல்லும்மா” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார்த்துப் பார்த்துச் செய்கிறவள் நான், பரிந்து பேசுவது மகனுக்கா என்று.

மூன்று மணிக்குத் தையல் ஆலைக்குப் போய்விட்டேன். உனக்குத் தெரியும், போனைப் பூட்டுப்பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நாலே காலுக்கு டீ இடைவேளை. பெட்டியைத் திறந்து போனைக் கையில் எடுத்தேன். உன் பெயரையும் பார்த்தேன். தானாகத் தோன்றி அவனே கூப்பிடட்டும் என்று வைத்துப் பூட்டினேன். வியாழக்கிழமையும் அப்படியே செய்தேன். புதன்கிழமையே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அன்று ராத்திரியே பஸ் பிடித்து வந்து அவர் முகத்தில் விழித்திருப்பாய்.

நீ தெரியாமல் அணைத்தாய். நான் தெரிந்தே கூப்பிடவில்லை.

உன் நம்பரின் பிளாக்கை எடுத்துவிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை நீ பேசுவாயா என்று தெரியவில்லை. பேசாவிட்டால் ஏன் என்று கேட்க எனக்கு வாயில்லை.

அக்கா